அவர் குதிக்கலங்க

நேத்து நம்ம டெட்ராய்ட் குரூப்ல சுத்துன வீடியோவ பாத்திருப்பீங்க. நம்ம ஊர் மேசானிக் டெம்பிள், அதான் மேசன்கள்ங்கிற பழைய சகோதரச் சங்கத்தோட கட்டடம், அது உலகத்தையே ரகசியமா ஆட்டி வெக்கிற இலுமினாட்டி மாளிகையாம், கட்டுன ஆர்க்கிடெக்ட் போண்டியாகி மொட்டைமாடியில இருந்து குதிச்சுட்டாராம், ராத்திரியில இன்னும் படி ஏறுறாராம். பின்னாடி உடுக்கை சத்தம் வேற.

அவர் குதிக்கல. கட்டடம் தொறந்தது 1926. ஆர்க்கிடெக்ட் ஜார்ஜ் மேசன் செத்தது 1948, அப்ப வயசு 91. மாடியில இருந்து கீழ வந்து சேர 22 வருஷமா ஆச்சு? மேசன்னு பேர் இருக்கறதும் சதியாம், அது அவங்க குடும்பப் பேருய்யா.

1,037 ரூம் இருக்கு. வெளிய பாத்தா கோதிக், பெரிய சர்ச் மாதிரி, உள்ள ஒரு ஹால் எகிப்து, அடுத்தது கிரேக்கம், அதுக்கடுத்தது டியூடர்ங்கிற பழைய இங்கிலாந்து பாணின்னு போய்க்கிட்டே இருக்கும், அத காட்டியிருக்கலாம்ல? 2013-ல வரி பாக்கிக்காக ஏலத்துக்குப் போக இருந்தத பாடகர் ஜாக் வைட் 1,42,000 டாலர் கட்டிக் காப்பாத்துனாரு, அவங்க அம்மா அங்க டிக்கெட் பாத்து சீட் காட்டுற வேலை செஞ்சவங்க. இது கதையா தெரியலயா உங்களுக்கு?

"நீ அந்த மேசன் கோஷ்டியா"ன்னு கேப்பீங்க. இல்ல. "கருப்பினத்தவங்கள ஒரு காலத்துல சேத்துக்காத சங்கத்துக்கு வக்காலத்தா"ன்னு கேட்டா, நியாயம்தான், பிரின்ஸ் ஹால் மேசன்கள்னு அவங்க தனியா ஆரம்பிச்சதே அதனாலதான். ஆனா நீங்க அதையா வீடியோ போட்டீங்க? பேயத்தானே போட்டீங்க.

"ஜாலிக்குப் போட்டதுக்கு ஏன் டென்ஷன்"னு ஒருத்தர். சொல்றேன். எங்க தாத்தா ஊர்ல மாடி வீடு கட்டி, கடனாகி, வித்துட்டாரு. மருந்து குடிச்சு செத்தார்னு அந்தத் தெருவுல இன்னிக்கும் பேச்சு. மனுஷன் அதுக்கப்புறம் 19 வருஷம் எங்க திண்ணையில உக்காந்து தினத்தந்தி படிச்சாரு. என் கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டுக்காரங்க வந்து "உங்க குடும்பத்துல ஒருத்தர்..."ன்னு இழுத்தாங்க பாருங்க, அம்மா காபி டம்ளர வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. ஜாலியா இருந்துச்சு.

போன வருஷம் அப்பா வந்தப்ப அங்க டூர் கூட்டிட்டுப் போனேன். எகிப்து ஹால்ல தூண தடவிப் பாத்துட்டு "கொத்தனார் கெட்டிக்காரன்டா"ன்னார். சுத்திக் காட்டுன கைடு அம்மாவே அந்தக் குதிச்ச கதை பொய்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, நான் தமிழ்ல சொன்னேன். "எத்தன வயசுல போனாரு?" 91-ப்பா. ஒண்ணும் பேசல. கார்ல ஏறி பெல்ட் மாட்டுறப்பதான், "எங்கய்யாவுக்கு 83"ன்னார்.