ஸ்டிக்கர் ஒட்டினவன்தான் ஆபத்தானவன்

லேசருக்கு அனுமதி வாங்கியாச்சுன்னு பேப்பரை அனுப்பினேன் பாருங்க, அதைப் படிச்சுட்டுத்தான் "உங்க லேசருக்கு எங்க ஹால்ல அனுமதி இல்லை"ன்னு மேனேஜர் போன் பண்றார். இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. எனக்கும் முதல்ல விளங்கல.

அமெரிக்காவுல கராஜ்ல உக்காந்து மேடை ஒளிக்காட்சிக்கு லேசர் ப்ரொஜெக்டர் செஞ்ச எல்லாருக்கும் இந்தப் பாடு தெரியும். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு டையோடு, குட்டிக் கண்ணாடிகளை ஆட்டுற கால்வோ, எல்லாம் சேர்ந்து 2 வாட். ஷோவுக்குச் சட்டம் விட்டுவெச்ச வரம்போ 5 மில்லிவாட். அதைத் தாண்டினா எஃப்.டி.ஏ. கிட்ட வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு, கேட்கணும். ஆமா, மாத்திரைக்கு முத்திரை குத்துற அதே எஃப்.டி.ஏ.தான். 1968ல வந்த கதிர்வீச்சுச் சட்டம் அங்க கொண்டு போய் விட்டிருக்கு.

ஒரே ஒரு பொட்டி செஞ்சாலும் நீங்க உற்பத்தியாளர். பொட்டியைப் பத்தி 3632, ஷோவைப் பத்தி 3640, வேரியன்ஸ் கேட்டு 3147ன்னு படிவம். அதுல உங்க தரக்கட்டுப்பாட்டு முறையை விவரிக்கணும். என் தொழிற்சாலையில சால்டரிங் பண்றவனும் நான், அவன் ஒழுங்காப் பண்ணினானான்னு சந்தேகப்படுற அதிகாரியும் நான். ராத்திரி ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். லேபிள்ல தயாரிச்ச மாசத்தைச் சுருக்காம முழுசா எழுதணும், வருஷம் நாலு இலக்கம். வருஷா வருஷம் செப்டம்பர் 1க்குள்ள ஆண்டறிக்கை வேற. என்னன்னு எழுத? "இந்த ஆண்டும் நிறுவனம் என் மனைவியிடம் திட்டு வாங்கியது"ன்னா?

சரி, பாதுகாப்புல குறை சொல்ல மாட்டேன். சாவி, தூரத்துலருந்தே அணைக்க வழி பண்ற ரிமோட் இன்டர்லாக், கதிரை மறைக்கிற தடுப்பு, எரியுதுன்னு காட்ட விளக்கு எல்லாமே வேணும். கால்வோ நின்னுபோனா மொத்த வெளிச்சமும் ஒரே புள்ளியில நிக்கும், அது கண்ணுல விழுந்தா முடிஞ்சுது. அதனால உடனே அணைக்கிற சர்க்யூட்டும் கண்டிப்பா வேணும். ஜனங்க நிக்கிற தரையிலருந்து 3 மீட்டர் உயரம், பக்கவாட்டுல 2.5 மீட்டர், அதுக்குள்ள கதிர் வரக் கூடாது. எல்லாம் செஞ்சேன். மாசக்கணக்காச் செஞ்சேன்.

இப்ப அந்த போனுக்கு வருவோம்.

"உங்க பெட்டி மேல 'டேஞ்சர்'னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க, சட்டப்படி ஒட்டணும்."

"அப்போ அது ஆபத்தானதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

"இல்லைங்க, 500 மில்லிவாட்டுக்கு மேல போனா லேசர்ல நாலாம் வகுப்பு, இருக்கறதுலயே உச்ச வகுப்பு. அதுக்கு அந்த வாசகம்தான் ஒட்டணும்."

"கண்ணுலயும் தோல்லயும் படக் கூடாதுன்னு வேற போட்டிருக்கு."

"அதுவும் ஒட்டச் சொன்னதுதாங்க. படாமத்தான் ஓட்டப்போறேன். வரைபடம் மூணாம் பக்கத்துல இருக்கு."

"மூணாம் பக்கம்லாம் எதுக்கு, முதல் பக்கத்துலயே பயமா இருக்கே."

நான் மூச்சை இழுத்து விட்டேன். போன வாரம் அதே ஹால்ல டிஜே ஒருத்தர் ஜனங்க மூஞ்சிக்கு நேரா பச்சைக் கதிரை அடிச்சதை வீடியோவுல பார்த்தேன்னு சொன்னேன். அதுக்கு அந்த மனுஷன் சொன்ன பதிலை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்: "அது லேசர் இல்லைங்க. அது பார்ட்டி லைட்டு."

"அதுவும் லேசர்தாங்க!"

"அதுல ஸ்டிக்கர் எதுவும் இல்லையே?"

ஆன்லைன்ல வாங்கின பொட்டி. சாவி இல்லை, இன்டர்லாக் இல்லை, எத்தனை மில்லிவாட்டுன்னு செஞ்சவனுக்கே தெரியுமோ என்னவோ. லேபிள் இல்லாததால அது சாது. டிக்கெட் எடுத்தவனைப் படிக்கட்டுல நிக்க வெச்சுட்டு வித்தவுட்டுல வந்தவனுக்கு ஜன்னலோர சீட்டு! அதோட விட்டாரா? "உங்ககிட்ட இவ்வளவு பேப்பர் இருக்குன்னா ஏதோ விஷயம் இருக்கணும்"னார். பேப்பர் இல்லாதவன் நல்லவன், ஒரு பக்கம் வெச்சிருக்கிறவன் சந்தேகத்துக்குரியவன், ஃபைலே வெச்சிருந்தா கைதியா? தீ பாதுகாப்பு அதிகாரி, அதான் ஃபயர் மார்ஷல், அவர்கிட்டருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்கன்னு கடைசியா ஒரு கொக்கி வேற. அந்த டிஜே கிட்ட கேட்டீங்களான்னா, "அவர்தான் லேசர் போடலையே."

நிகழ்ச்சி நடத்துற தம்பிக்கு போன் போட்டுக் கத்தினேன். அவன் சாவகாசமா, "அண்ணே, பேப்பரையெல்லாம் யாருண்ணே அனுப்பச் சொன்னா? கொண்டு வந்து ப்ளக்கைச் சொருகியிருந்தா யாரு கேட்டிருப்பா?"ங்கறான். வெளியில மைதானத்துல வெச்சுக்கலாமேன்னு யோசனை வேற. வெளியில, வானத்தைப் பார்த்துக் கதிர் அடிச்சா விமானப் போக்குவரத்துக்காரங்களுக்கு 7140-1ன்னு இன்னொரு படிவம் இருக்குடா தம்பின்னேன். "அதுக்கும் படிவமா?"ன்னு சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அழுகையோட தம்பி மாதிரி ஒண்ணு.

"சரி விடுங்கண்ணே, லேசரை அந்த டிஜேவே பார்த்துக்கறாராம். ஆனா புகை இல்லாம கதிர் எடுப்பா தெரியாதாம். உங்க ஃபாக் மெஷினை மட்டும் கொண்டு வந்துடுங்க, என்ன?"

கொண்டு போறேன். அதுக்கு ஊத்துற திரவத்தைத் திறக்கத்தான் இப்ப போராடிக்கிட்டிருக்கேன். குழந்தைங்க திறக்கக் கூடாதுன்னு அழுத்தித் திருகுற மூடியாம். அழுத்தினா திரும்ப மாட்டேங்குது, திருகினா அமுங்க மாட்டேங்குது. இதை எவன்டா கண்டுபிடிச்சான்?