நைட் டூட்டி முடிந்ததும் யோகாவாம்

நான் செவிலியராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து ஊர்களில் கிளை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் தினமும் 'ஊழியர் நலன்' என்று ஒரு போஸ்டர்.

ஜூன் 21 யோகா தினம் வந்தால் போச்சு. ராத்திரி முழுக்க நின்று கால் வீங்கி, அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளை மாடி ஹாலுக்கு வரச் சொல்கிறார்கள். விருப்பம் இருந்தால் வரலாமாம், ஆனால் ரிஜிஸ்டரில் கையெழுத்து வேண்டுமாம். கண்ணை மூடு என்றால் தூங்காமல் என்ன செய்வது? பக்கத்துப் பாயில் குறட்டையே கேட்டது. குழுவில் அந்தப் போட்டோவுக்குத் 'தியானத்தில் நம் செவிலியர்கள்' என்று தலைப்பு!

அப்புறம் இந்த நடைப்போட்டி. தினம் பத்தாயிரம் காலடி, போன்தான் எண்ணும். டிரிப் மாற்றவும் பெட்பேன் வைக்கவும் நாங்கள் ஓடுவது கணக்கில் வராது, வார்டுக்குள் போன் கூடாதே. பரிசு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போனது.

வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் சோர்வை, வேலை சார்ந்த பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லிவிட்டது. இவர்களோ மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். மே 12 செவிலியர் தினத்துக்குக் கேக் வெட்டினார்கள், சரி. ஷிப்டுக்கு இன்னொரு ஆள் போடுங்கள் என்று கேட்டால் மட்டும் குழுவில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.