கண்ணாடி மாட்டினால் நடந்துவிடலாமா?

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் காவடிக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டினால் போதும், பிசியோதெரபி இல்லாமலே ஒரு வாரத்தில் எழுந்து நடப்பார்." கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் கணினிக் காட்சிகளை நேரில் பார்ப்பதுபோலக் காட்டும் விஆர் (VR) கருவியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். செய்தி தவறு.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் தசை வேகமாகக் கரைகிறது. 2013இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குப் பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. கை காலை அசைத்து, உட்கார வைத்து, நிற்க வைத்துத்தான் அந்தப் பலத்தை மீட்க வேண்டும். கண்ணாடிக்குள் தெரியும் பந்தைப் பிடிக்கக் கை நீட்டும்போது, அலுப்பூட்டும் பயிற்சி விளையாட்டாகிறது. நோயாளிக்கு ஆர்வம் வருகிறது. நல்லதுதான். ஆனால் நீள்வது அவருடைய கை. பக்கத்தில் நின்று மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பவர் பிசியோதெரபிஸ்ட். இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பிசியோதெரபிக்குத் துணைக் கருவியாக இந்தக் கண்ணாடியைச் சோதிப்பவை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் மனக்குழப்பத்தில் இருப்பவர்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டிலிருந்து விளையாட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்கு மாட்டிவிடாதீர்கள். கிருமித் தொற்று அபாயமும் உண்டு.

ஆய்வுகளைப் பப்மெட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சிகிச்சை அளிப்பவர் பதிவு பெற்றவரா என்பதைத் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பிய அண்ணனிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.