முதல் வண்டிக்கு ஸ்கிராம்ப்ளரே நல்லது

பழைய பைக்கை பாபர், கஃபே ரேசர், ஸ்கிராம்ப்ளர் (மண் பாதைக்கும் ஏற்ற பாணி) என்று மாற்றிக் கட்டுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். முதல் பில்டுக்கு, அதாவது முதல்முறை இப்படிக் கட்டுவதற்கு, பின்பக்கத்தைக் குறைத்த பாபர்தான் சுலபம், பின் மட்கார்டை வெட்டி ஒற்றை சீட் போட்டால் போதும் என்கிறது அது. பழைய கார்புரேட்டர் வைத்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் கை வைப்பவர்களுக்கு இது பாதிதான் உண்மை. வெட்டுவதோடு யாரும் நிற்பதில்லை. தோற்றத்துக்காகப் பின் ஷாக்கைக் குட்டையாக்குவார்கள். இரண்டு அங்குலம் இறங்கினாலே பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசும். சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று வலப்பக்கம் சாயும். ஷாக்கை எடுத்துவிட்டு ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷனே இல்லாத சட்டகம்) வெல்டு செய்தால், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

குனிந்து ஓட்டும் பந்தய பாணியான கஃபே ரேசர் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கான கிளிப்-ஆன் (ஃபோர்க் குழாயில் கவ்விப் பிடிக்கும் தாழ்வான ஹேண்டில்) வாங்குவதற்கு முன்னால் அந்தக் குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். மாட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டேங்குக்கும் ஹேண்டிலைப் பிடித்த கைக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். பழைய நீளத்திலேயே ஆக்சிலரேட்டர் கேபிளை விட்டால் அது மடங்கிக்கொள்ளும், திருப்பும்போது ஐட்லிங் தானாக ஏறும். நெரிசலில் இது ஆபத்து.

ஸ்கிராம்ப்ளருக்கு வெல்டிங்கே வேண்டாம். முன்னால் 19, பின்னால் 18 அங்குலச் சக்கரம் ஏற்கெனவே இருக்கிறது. அகல ஹேண்டில்பார், தட்டை சீட், புடைத்த கட்டைகள் உள்ள பட்டன் டயர், அவ்வளவுதான். பார் உயர்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். பின் டயரைத் தடிமனாக்கினால் செயினில் உரசும், கம்பெனி அளவிலேயே வாங்குங்கள். ஏர் பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டி) எடுத்துக் கோன் ஃபில்டர் போடுவதானால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் கொதிக்கும்.