புளி போட்டு விளக்கிய ரிவால்வர்

(காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. எனாமல் தூக்குச் சட்டிகளை ஒதுக்கிவிட்டு ஆச்சி ஒரு தேக்குப் பெட்டியை வைத்துத் திறக்கிறார். கடைக்காரர் கண் முதலில் போனது பெட்டி மேல்தான்.)

ஆச்சி: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனபோது வாங்கியது தம்பி. ஒரு லட்சம் கொடு, எடுத்துக்கொள்.

கடைக்காரர்: முதலில் குழாயை அந்தப் பக்கம் திருப்புங்கள் ஆச்சி! உள்ளே தோட்டா இருக்கிறதா?

ஆச்சி: இருந்திருந்தால் ஏழு பங்காளியும் ஒரே வீட்டில் உயிரோடு இருப்போமா?

கடைக்காரர்: (பூட்டைத் தள்ளி, இரண்டாக மடக்கிப் பார்த்து) சரி, ஆறு அறையும் காலி. வெப்லி மார்க் 6, 1917 என்று மங்கலாகத் தெரிகிறது, பர்மிங்காம் சரக்கு, முதல் உலகப்போரில் வெள்ளைக்கார ஆபீசர் இடுப்பில் தொங்கியது. அதெல்லாம் சரி, இது ஏன் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது?

ஆச்சி: பொங்கலுக்குப் பொங்கல் வெண்கலப் பானையோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுவேன்.

கடைக்காரர்: போச்சு! அந்தக் கருநீல மெருகு இருந்தால்தானே சேகரிக்கிறவன் காசை அவிழ்ப்பான்? உருளை வேறு ஆடுகிறது.

ஆச்சி: நூறு வயது தாண்டினால் எதுதான் ஆடாது? எண்பதாயிரம் கொடு.

கடைக்காரர்: லைசென்ஸ் யார் பெயரில்?

ஆச்சி: ஐயா பெயரில்.

கடைக்காரர்: ஐயா?

ஆச்சி: சிவபதவி அடைந்து அறுபது வருஷமாச்சு.

கடைக்காரர்: அப்போதே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும் ஆச்சி, 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, நான் பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே போய்க் கொடுத்துவிடுங்கள்.

ஆச்சி: அப்போ ஐம்பதாயிரம்?

கடைக்காரர்: ஆச்சி!! பெட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன். பித்தளைக் கீல், நல்ல தேக்கு. மூவாயிரம்.

ஆச்சி: ஐயாயிரம். இதற்கு லைசென்ஸ் கேட்க மாட்டாயே?

கடைக்காரர்: நாலாயிரம், கடைசி.

(ஆச்சி இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிகிறார். ரிவால்வர் மேஜையில் அம்மணமாகக் கிடக்கிறது.)

ஆச்சி: இதை எதில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது? அந்த மூடி போட்ட தூக்குச் சட்டி என்ன விலை?

கடைக்காரர்: ஆச்சிக்காக நாலாயிரம்.

ஆச்சி: (கவிழ்த்துப் பார்த்து) அடப்பாவி, அடியில் எங்கள் வீட்டு விலாசம் இருக்கிறது! போன வருஷம் இருநூறு ரூபாய்க்கு நீ தூக்கிக்கொண்டு போனதுதானே இது?