இந்த நாடகங்கள் தமிழில் மேடையேற வேண்டும்

புதிய நாடகப் பிரதி எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அனுபமா சந்திரசேகர். சென்னைக்காரரான இவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். இவருடைய 'ஃப்ரீ அவுட்கோயிங்' 2007-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியிலுள்ள சிறிய கூடத்தில் அரங்கேறி, மறு ஆண்டே அங்குள்ள பெரிய மேடைக்கு வந்தது. கதை நடப்பதோ சென்னையில், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டில். பள்ளி மாணவியான தீபாவின் அந்தரங்கக் காணொளி கைபேசிகளில் பரவிவிட, கணவனை இழந்த தாய் மாலினியும் மகன் சரணும் பள்ளி, அக்கம்பக்கத்தார், ஊடகம் என்று ஒவ்வொரு தரப்பையும் எதிர்கொள்கிறார்கள்.

தீபா ஒரு காட்சியில்கூட மேடைக்கு வருவதில்லை. அவளைப் பற்றிப் பேசுகிறவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். ஊரே பார்த்துவிட்ட பெண்ணை அரங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டாமல் விடுவதால், அவளைப் பார்க்க வேண்டும் என்று நமக்குள் எழும் ஆவலே நம்மைக் கூச வைக்கிறது. இந்த ஓர் உத்திக்காகவே நாடகம் எழுத விரும்பும் ஒவ்வொருவரும் இப்பிரதியைப் படிக்க வேண்டும் என்பேன். வாட்ஸ்அப் வருவதற்கு முன் எழுதப்பட்டிருந்தும் இது சற்றும் பழசாகவில்லை.

அவருடைய 'தி ஃபாதர் அண்ட் தி அசாசின்' 2022-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில், இந்து ருபசிங்கத்தின் இயக்கத்தில் மேடையேறியது. அதில் நாதுராம் கோட்சே பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசித் தன் கதையைத் தானே சொல்கிறான். கொலையாளியின் கையில் கதையைக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவன் பேச்சில் நாம் எவ்வளவு எளிதாக மயங்குகிறோம் என்பதை உணர்த்தத்தான் அவனைப் பேச விடுகிறார் என்பது என் வாசிப்பு.

அடுத்தது, இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட ஆஸ்திரேலியர் எஸ். சக்திதரன் எழுதி 2019-இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான காலம் தொடங்கி, 1983 ஜூலை வன்முறையைக் கடந்து, 2004-இல் சிட்னியில் மகனுடன் வாழும் ராதா வரை, நான்கு தலைமுறைகளின் கதை இது. இறந்துவிட்டதாக அவள் நம்பியிருந்த கணவன் உயிரோடிருக்கிறான் என்று ஒரு தொலைபேசி அழைப்பு சொல்கிறது. பதினாறு நடிகர்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் நிகழ்வு. ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேசும்போது, உடன் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார். இதே நாடகம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்தால் தமிழ் வசனங்கள் நேரடியாகவே நம்மை வந்தடையும். சிங்களத்துக்கு மட்டுமே துணைக்குரல் வேண்டியிருக்கும். சிட்னி பார்வையாளர்களுக்குக் கிடைக்காத ஒரு நெருக்கம் நமக்குக் கிடைக்கும் என்பதால்தான் இதைத் தமிழ் மேடையில் காண இவ்வளவு ஆசைப்படுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால் இவை நமக்கு அயலானவை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை வீட்டுக்குள் நடக்கும் கதையை லண்டன்காரர்கள் பார்த்துவிட்ட பிறகும் அதை நாம் தமிழில் பரவலாக அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சக்திதரனின் நாடகத்துக்கு ஆள்பலமும் பணபலமும் தேவை. சிறு குழுக்களால் உடனே இயலாது. 'ஃப்ரீ அவுட்கோயிங்'குக்கு ஒரு வரவேற்பறையும் சில நடிகர்களும் போதும். நாடகாசிரியரின் அனுமதியைப் பெற்று, முதலில் ஒரு நாடக வாசிப்பாகவே தொடங்கலாம். மொழிபெயர்ப்பவர் மாலினியைப் புத்தகத் தமிழில் பேச வைத்துவிடக் கூடாது. அக்கம்பக்கத்தாரின் மரியாதையான சொற்களுக்குள் இருக்கும் மிரட்டல் சென்னைப் பேச்சுத் தமிழில்தான் முழுமையாக வெளிப்படும். அந்தக் காது உள்ள ஒருவர் இந்தப் பணியை ஏற்றுக்கொண்டால், பிரதியை உடனிருந்து படித்துப் பார்க்கவும் ஒத்திகைக்கு இடம் தேடித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.