கடல் சூழ்ந்ததால் திருகோணமலை தாக்கப்பட்டதே இல்லையா?

"நாலு பக்கமும் கடல். அதனால் இலங்கையை, முக்கியமாகத் திருகோணமலையை, எந்த அந்நியப் படையும் தாக்கியதில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் அருகிலுள்ள சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அவை வந்ததே கடல் வழியாகத்தான்: 5 விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்காள விரிகுடாவரை கொண்டுவந்து சேர்த்தன. தாக்குதல் வரும் என்று தெரிந்து முதல் நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலும் தப்பவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் மோதிய எண்ணெய்க் குதம் உருக்குலைந்தபடி இன்றும் கிடக்கிறது. இந்தத் தாக்குதலுக்கு 4 நாள் முன்பு கொழும்பும் தாக்கப்பட்டிருந்தது.

அதற்கும் முன்னால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் கப்பலில்தான் வந்தார்கள். 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் என்று கோட்டை இரண்டு முறை கைமாறியது. இவ்வளவு நல்ல இயற்கைத் துறைமுகம் இருந்தால் கடற்படைகள் தேடி வரத்தானே செய்யும்?

சந்தேகமிருந்தால் நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கல்லறைக்குப் போய்க் கற்களில் இருக்கும் திகதிகளைப் பாருங்கள். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையதளத்திலும் தேடலாம். இங்கே இறந்தவர்களை இல்லாமலாக்கும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.